டிரம்ஸ் வாசிப்பவர் இசைக்குழுவை நடத்த முடியுமா? மேக்ஸ் ரோச்சின் தொழில்வாழ்க்கையை முன்வைத்து ஒரு விடை

ஜாஸ் இசையில் டிரம்ஸ் வாசிப்பவர் பின்வரிசையில் உட்கார்ந்து தாளம் வைப்பவர்தானே, அவர் எப்படிக் குழுத்தலைவராகவும் கச்சேரி நடத்துபவராகவும் ஆகிறார், அப்படிப்பட்ட ஒருவருடைய தொழில்வாழ்க்கை நடைமுறையில் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். டிரம்மர்கள் தலைமை தாங்கிய குழுக்கள் ஜாஸ் வரலாற்றில் நிறையவே உண்டு. 1930களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த சவாய் நடனக்கூடத்தில் சிக் வெப் கொடிகட்டிப் பறந்தார். ஆர்ட் பிளேக்கி 'ஜாஸ் மெசஞ்சர்ஸ்' என்ற குழுவை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தி, வந்துசேர்ந்த இளைஞர்களையெல்லாம் தலைவர்களாக்கி அனுப்பினார். ஆனால் வாசிப்பவர், குழுத்தலைவர், மேடை அமைப்பவர் ஆகிய மூன்றும் ஒரே மனிதரில் எப்படி ஒன்றாகின்றன என்று பார்க்க வேண்டுமானால் அமெரிக்க ஜாஸ் டிரம்மர் மேக்ஸ் ரோச்சின் வாழ்க்கையைத்தான் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இந்த இசையை யார் காசுக்கு விற்கிறார்கள், கூடத்தை யார் வாடகைக்கு எடுக்கிறார்கள், பதிவான நாடா யார் கையில் இருக்கிறது என்ற கேள்விகளை இருபத்தெட்டு வயதிலேயே கேட்கத் தொடங்கி, கடைசிவரை விடாதவர் அவர்.

ரோச் 1924 ஜனவரியில் வட கரோலைனா மாநிலத்தின் நியூலாண்ட் என்ற ஊரில் பிறந்தார். அவருக்கு நான்கு வயதானபோது குடும்பம் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்தது. தாயார் தேவாலயத்தில் பக்திப்பாடல் பாடுபவர். பையனும் பத்து வயதிலேயே அத்தகைய பாடகர்களுக்கு டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கிவிட்டான். 1942இல் பள்ளிப்படிப்பை முடித்தான். பதினெட்டு வயதில், மன்ஹாட்டனின் பாரமவுண்ட் அரங்கில் டியூக் எலிங்டனின் இசைக்குழுவுக்கு வழக்கமாக வாசிக்கும் சோனி கிரீர் வர இயலாமல் போனபோது அவருக்குப் பதிலாக உட்கார வைக்கப்பட்டான். அதன்பிறகு ஹார்லெமில் மன்றோஸ் அப்டவுன் ஹவுஸ் என்ற விடுதியில் வழக்கமாக வாசிக்கும் டிரம்மரானார். சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் விடியவிடிய வாசித்துப் புதிய இசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த இடங்களில் அதுவும் ஒன்று. பின்னால் 'பீபாப்' என்று பெயர் பெற்ற இசை அதுதான்.

அந்த இசையில் டிரம்ஸின் வேலை எப்படி மாறியது என்பதைக் கொஞ்சம் விளக்கினால்தான் மற்றவை புரியும். அதற்கு முந்தைய ஸ்விங் காலத்தில், வலது காலால் மிதிக்கும் பெரிய பாஸ் டிரம்தான் நடனமாடுபவர்களுக்காக ஒவ்வோர் அட்சரத்தையும் 'தம் தம் தம் தம்' என்று அழுத்திச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தப் பொறுப்பை வலக்கைப் பக்கம் தொங்கும் சிம்பல் என்னும் பெரிய உலோகத் தட்டுக்கு மாற்றியவர் கென்னி கிளார்க் என்ற டிரம்மர்; அதை ஒரு முழுமையான மொழியாக வளர்த்தெடுத்தவர் ரோச். காலப்பிரமாணம் சிம்பலின் மெல்லிய ஓட்டத்துக்குள் போய்விட்டதால் வலது காலும் இடது கையும் விடுதலை பெற்றன. ட்ரம்பெட் வாசிப்பவர் ஒரு சங்கதியை முடிக்கும் இடத்தில் ஸ்னேர் என்னும் சிறிய டிரம்மில் ஒரு தட்டு, அவர் மூச்சுவிடும் இடைவெளியில் பாஸ் டிரம்மில் ஒரு குத்து என்று, டிரம்மர் பேச்சில் கலந்துகொள்பவரானார். மிருதங்கக்காரர் பாட்டின் போக்கைக் கேட்டு அதற்கேற்ப வாசிப்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் சுவையை நான் நீட்டி விளக்கத் தேவையில்லை.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு வரிச் சட்டமும் இருக்கிறது. 1944இல் அமெரிக்க அரசு, ஆடலோ பாடலோ நடக்கும் விடுதிகளின்மீது 30 விழுக்காடு கேளிக்கை வரி விதித்து, சில மாதங்களில் அதை 20 ஆகக் குறைத்தது. வெறும் வாத்திய இசை மட்டும் நடந்தால் அந்த வரி கிடையாது. ஆகவே முதலாளிகள் நடனத்தளத்தை எடுத்துவிட்டு மேசை நாற்காலிகளைப் போட்டார்கள்; ஆடவந்த கூட்டத்தின் இடத்தில் உட்கார்ந்து கேட்கும் கூட்டம் வந்தது. ரோச்சே பிற்காலத்தில் நேர்காணல்களில் இந்த வரியைப் பற்றிப் பேசியிருக்கிறார். இசையின் வடிவத்தை இசைக்கலைஞர்களோடு சேர்ந்து வரிக்கணக்கும் தீர்மானிக்கிறது என்பதை அவர் இருபது வயதிலேயே கண்ணால் பார்த்தவர்.

1945 நவம்பர் 26 அன்று சவாய் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பார்க்கர் தலைமையில் பதிவான 'கோ-கோ' என்ற துண்டைக் கேட்டால் மேலே சொன்னது முழுவதும் மூன்று நிமிடத்துக்குள் அடங்கியிருப்பதை உணரலாம். நிமிடத்துக்கு முந்நூறு அட்சரத்தை ஒட்டிய அந்த வேகத்தில் ரோச்சின் சிம்பல் ஒருமுறைகூடப் பதறுவதில்லை. பார்க்கரின் நீண்ட வாசிப்புக்குப் பிறகு அவருக்கும் ஒரு சிறிய தனி கிடைக்கிறது. அந்தப் பதிவின் முதல் முயற்சி பாதியிலேயே நிறுத்தப்பட்டது. கலைஞர்கள் 'செரோக்கி' என்ற பழைய பாட்டின் மெட்டை வாசிக்கத் தொடங்கியதும் யாரோ கைதட்டி நிறுத்தும் ஓசை பதிவிலேயே கேட்கிறது. அந்த மெட்டை அப்படியே வாசித்தால் அதை இயற்றியவருக்கு உரிமைத்தொகை தரவேண்டியிருக்கும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். மெட்டுக்கு அடியில் ஓடும் சுரக்கோவையை மட்டும் வைத்துக்கொண்டு மேலே புதிய மெட்டு போட்டால் அந்தச் செலவு நிறுவனத்துக்கு மிச்சம். பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கும் கணக்குவழக்கு, இந்தப் பக்கம் என்ன வாசிக்கப்படுகிறது என்பதில் கைவைப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒலிப்பதிவு வேறொன்று எனக்குத் தெரியாது. அன்று டிரம்ஸின் பின்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞருக்கு வயது இருபத்தொன்று.

1947 முதல் 1949 வரை பார்க்கரின் ஐவர் குழுவில் வாசித்த ரோச், 1950களின் தொடக்கத்தில் மன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக் பள்ளியில் சேர்ந்து இசையமைப்பு படித்தார். உலகமே பாராட்டிக்கொண்டிருந்த டிரம்மர் மாணவராகப் போய் உட்கார்ந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். 1952இல் பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸும் அவர் மனைவி செலியாவும் ரோச்சும் சேர்ந்து 'டெப்யூ ரெக்கார்ட்ஸ்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கறுப்பினக் கலைஞர்களே முதலாளிகளாக இருந்து தங்கள் இசையைத் தாங்களே வெளியிடுவது அன்றைய அமெரிக்காவில் அரிய செயல். ரோச் தலைவராக வெளியிட்ட முதல் இசைத்தட்டும் அடுத்த ஆண்டு அதன்வழியே வந்தது. கையில் பணமில்லாத நிறுவனம், விநியோகம் செய்ய ஆளில்லை, 1957இல் நின்றுபோயிற்று. ஆனாலும் அதன் பெயரை நிலைக்கச் செய்த கச்சேரி ஒன்று உண்டு.

1953 மே 15 அன்று கனடாவின் டொரான்டோ நகரில் மாசி ஹால் அரங்கில் பார்க்கர், கில்லெஸ்பி, பியானோவில் பட் பவல், மிங்கஸ், ரோச் ஆகிய ஐவரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். ஏற்பாடு செய்தவர்கள் உள்ளூர் இசை ரசிகர்கள். ஆர்வம் மிகுதி, அனுபவம் குறைவு. அதே இரவில் மார்சியானோவும் வால்காட்டும் மோதும் உலகக் குத்துச்சண்டைப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அரங்கு நிரம்பவில்லை. பேசிய தொகையைக் கொடுக்கப் பணம் போதவில்லை. பார்க்கர் பிளாஸ்டிக்கால் செய்த சாக்ஸஃபோன் ஒன்றை வைத்துக்கொண்டு வாசித்தார். நிகழ்ச்சி பதிவான நாடாவை மிங்கஸ் நியூயார்க்குக்கு எடுத்துவந்து, சரியாகக் கேட்காத தன் பாஸ் வாசிப்பைத் திரும்பப் பதிந்து சேர்த்து, டெப்யூ வழியாக வெளியிட்டார். பார்க்கர் வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் உறையில் அவர் பெயர் 'சார்லி சான்' என்று அச்சாயிற்று. கச்சேரியாகப் பார்த்தால் நட்டம். ஆனால் நாடா கலைஞர்களின் கையில் இருந்ததால் அந்த இரவு இன்றும் நம் காதில் ஒலிக்கிறது. கச்சேரி நடத்துவதென்றால் நாளைப் பார்த்து வைப்பது, அன்றைக்கு ஊரில் வேறென்ன நடக்கிறது என்று விசாரிப்பது, கூலியை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது, பதிவு யாருடையது என்று எழுதிவைப்பது ஆகியவைதாம் என்பதை அந்த ஓர் இரவு மொத்தமாகக் கற்றுக்கொடுத்திருக்கும்.

ரோச் முழுநேரக் குழுத்தலைவரானது அடுத்த ஆண்டு. லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஹெர்மோசா பீச்சில் லைட்ஹவுஸ் விடுதியில் வாசித்துக்கொண்டிருந்த அவரிடம், கச்சேரி ஏற்பாட்டாளரான ஜீன் நார்மன், சொந்தக் குழு அமைத்தால் மேடை தருகிறேன் என்றார். ரோச் நியூயார்க்கில் இருந்த ட்ரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுனைத் தொலைபேசியில் அழைத்தார். பிரவுனுக்கு வயது இருபத்துமூன்று. ரோச்சுக்கு முப்பது, பெயரும் புகழும் வந்துவிட்டன. வழக்கப்படி 'மேக்ஸ் ரோச் குழு' என்று பெயர் வைத்து அந்த இளைஞரைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருக்கலாம். அவர் செய்தது வேறு: 'கிளிஃபர்ட் பிரவுன் - மேக்ஸ் ரோச் குழு' என்று இளையவர் பெயரை முன்னே வைத்துச் சமபங்காளியாக்கினார். 1954இல் பதிவான அவர்களது இசைத்தட்டு ஒன்றுக்கு 'பிரவுன் அண்ட் ரோச் இன்கார்ப்பரேட்டட்' என்றே பெயர். பதிவுபெற்ற வணிக நிறுவனத்தின் பெயர்ப்பலகையைப் போல. தலைமை என்பது முன்னால் நிற்பது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு முடிவை நிதானமாக எண்ணிப்பார்க்க வேண்டும்.

அந்தக் குழுவின் இசை இன்றும் புதிதாக இருக்கிறது. ஹெரால்ட் லாண்ட் சாக்ஸஃபோன், பட் பவலின் தம்பி ரிச்சி பவல் பியானோ, ஜார்ஜ் மோரோ பாஸ். 1955 இறுதியில் லாண்ட் ஊர் திரும்ப, சோனி ராலின்ஸ் வந்து சேர்ந்தார். பீபாப் கச்சேரிகளில் மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு ஆளாளுக்குத் தனி வாசித்து முடிப்பதே வழக்கமாக இருந்தது. இவர்களோ முகப்பு, இடைநிலை, முடிவு என்று ஒவ்வொரு துண்டையும் வீடு கட்டுவதுபோல் கட்டினார்கள். 'பாரிசியன் தரோஃபேர்' தொடங்கும்போது தெருவில் வண்டிகள் ஒலியெழுப்பி நெருக்கியடிக்கும் காட்சி வாத்தியங்களாலேயே எழுகிறது. அதிலிருந்து மெட்டு வெளிப்படும் இடத்தில் ரோச்சின் சிம்பல் ஒரு கதவைத் திறந்துவிடுவதுபோல் ஒலிக்கிறது. அவருடைய தனி வாசிப்பும் இந்தக் காலத்தில்தான் முதிர்ந்தது. வேகத்தைக் காட்டிக் கைதட்டு வாங்கும் பழக்கம் அவரிடம் இல்லை. பாட்டின் மெட்டு எத்தனை அளவைகள் கொண்டதோ அத்தனை அளவைகளுக்குள், மெட்டின் வாக்கியங்களை ஒட்டியே, ஸ்னேரும் டாம்-டாம் என்னும் டிரம்களும் மாறிமாறிப் பேசும். கவனமாகக் கேட்பவர், அவர் தனி வாசிக்கும்போதே மனத்துக்குள் பாட்டைப் பாடிக்கொண்டு போகலாம். இருவரும் ஒரே இடத்தில் வந்து சேர்வார்கள்.

1956 ஜூன் 26. சிகாகோவில் நடக்கவிருந்த கச்சேரிக்காகப் பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் இரவில் போய்க்கொண்டிருந்த கார் விபத்துக்குள்ளானது. பிரவுன், ரிச்சி பவல், பவலின் மனைவி நான்சி மூவரும் இறந்தார்கள். பிரவுனுக்கு இருபத்தைந்து வயதுதான். ரோச் அந்தக் காரில் இல்லை. நான்கு நாள் முன்புதான் ராலின்ஸின் 'சாக்ஸஃபோன் கொலோசஸ்' பதிவில் வாசித்துவிட்டு வந்திருந்தார். அதிலுள்ள 'புளூ செவன்' துண்டில் அவர் வாசித்த தனியை இன்றும் மாணவர்கள் எழுத்தெழுத்தாகப் படிக்கிறார்கள். விபத்துக்குப் பிறகு அவர் குடியிலும் மனச்சோர்விலும் விழுந்தார். ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்யும் தொழிலில் சாலைதான் பாதி வாழ்க்கை என்பதையும், தலைவர் என்றால் அந்தச் சாலையில் போகிறவர்கள் எல்லாருடைய பாரமும் அவர்மீதே இறங்கும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் கடக்க என்னால் முடியவில்லை.

ஆனாலும் குழுவைக் கலைக்காமல் தொடர்ந்து நடத்தினார். 1957இல் முழுவதும் மூன்று அட்சர நடையிலேயே அமைந்த இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார். நான்கு அட்சரத்தில் ஊறிய ஜாஸில் அது துணிச்சல். 1958இல் பியானோவையே நீக்கிவிட்டு, டியூபா என்னும் பெருங்குழலைச் சேர்த்து, இருபது வயது புக்கர் லிட்டிலை ட்ரம்பெட்டுக்கு அமர்த்தினார். லிட்டிலும் மூன்றே ஆண்டில், இருபத்துமூன்று வயதில், சிறுநீரக நோயால் இறந்துபோனார்.

உங்கள் கேள்வியின் மூன்றாம் பகுதிக்கு, அதாவது கச்சேரி அமைப்பதற்கு, 1960 கோடைகாலத்தைப் பார்க்கவேண்டும். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் ஜார்ஜ் வைன் 1954 முதல் நடத்திவந்த விழா, அமெரிக்காவின் மிகப் பெரிய ஜாஸ் விழாவாக வளர்ந்திருந்தது. கூட்டம் பெருகப் பெருக, மேடைக்கு வருகிறவர்களின் தேர்வு வணிக நோக்கில் போகிறது, பெரிய பெயர்களுக்குப் பணம் குவிய மற்றவர்களுக்குக் குறைவாகக் கிடைக்கிறது என்ற மனக்குறை கலைஞர்களிடையே புகைந்துகொண்டிருந்தது. மிங்கஸும் ரோச்சும் குறைகூறுவதோடு நிற்கவில்லை. அதே ஊரில், அதே நாட்களில், கடலோரத்திலிருந்த கிளிஃப் வாக் மேனர் என்ற விடுதியின் வெளியில் போட்டி விழா ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். நியூபோர்ட் விழாவின் நிறுவனர்களில் ஒருவரான எலைன் லோரிலார்டே இவர்களுக்குத் துணைநின்றார்.

அந்த விழாவின் வேலைகளைக் கலைஞர்களே செய்தார்கள். மேடை அமைத்தார்கள், வேலி கட்டினார்கள், விளம்பரத் தாள் கொடுத்தார்கள், நுழைவில் நின்று காசு வாங்கினார்கள். சாக்ஸஃபோனின் தந்தை என்று மதிக்கப்பட்ட கோல்மன் ஹாக்கின்ஸ், மூத்த டிரம்மர் ஜோ ஜோன்ஸ், அப்போதுதான் பெரும் சர்ச்சையைக் கிளப்பியிருந்த சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் என்று மூன்று தலைமுறைகள் ஒரே மேடையில் வாசித்தன. பழையது புதியது என்று பத்திரிகைகள் பிரித்துவைத்திருந்தவர்களை ஒன்றாக உட்கார வைத்ததுதான் அந்த விழாவின் பெரிய சாதனை என்று எனக்குத் தோன்றுகிறது. பணத்தை மட்டும் எண்ணி மேடை அமைப்பவருக்கு அப்படி ஒரு வரிசை தோன்றியிருக்காது. ஜூலை 2, சனிக்கிழமை இரவு, பெரிய விழாவுக்கு உள்ளே இடம் கிடைக்காமல் வெளியே குடித்துவிட்டு நின்ற இளைஞர் கூட்டம் கலவரத்தில் இறங்கியது. கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, தேசியக் காவல்படை வந்தது, பெரிய விழா பாதியில் நிறுத்தப்பட்டது. கலைஞர்கள் கூடிய சிறிய மேடையில் அமைதி கெடவில்லை. விழா முடிந்ததும் 'ஜாஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ் கில்ட்' என்று ஒரு சங்கமும் அமைத்தார்கள். அது நெடுநாள் நீடிக்கவில்லை. கருத்து வேறுபாடுகளும் பணமின்மையும் அதைக் கரைத்துவிட்டன. கலைஞர் கூட்டுறவுகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. ஆனால் பிற்காலத்தில் சிகாகோவிலும் செயின்ட் லூயிஸிலும் கலைஞர்கள் சங்கம் அமைத்துத் தாங்களே கச்சேரி நடத்தத் தொடங்கியதற்கு முன்னோடி இதுவே.

அதே ஆண்டு பிப்ரவரி 1 அன்று, ரோச் பிறந்த வட கரோலைனாவின் கிரீன்ஸ்போரோ நகரில், நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையர்களுக்கு மட்டும் பரிமாறும் உணவு மேடையில் உட்கார்ந்து எழ மறுத்தார்கள். மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் ரோச் 'வி இன்சிஸ்ட்! ஃப்ரீடம் நவ் சூட்' இசைத்தட்டைப் பதிவு செய்தார். உறையில், உணவு மேடையில் உட்கார்ந்திருக்கும் மூன்று கறுப்பின ஆண்கள் திரும்பி நம்மைப் பார்க்கிறார்கள். பாடல் வரிகள் ஆஸ்கார் பிரவுன் ஜூனியருடையவை; பாடியவர், 1962இல் ரோச்சின் மனைவியான ஆபி லிங்கன்.

'டிரைவா மேன்' என்ற முதல் பாட்டு அடிமைகளை வேலைவாங்கும் கங்காணியைப் பற்றியது. ஐந்து அட்சர நடை. ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் முதல் அட்சரத்திலும் சவுக்கடி போன்ற ஓர் அடி விழுகிறது. ஆவர்த்தனம் நீளநீள, அடுத்த அடி எப்போது விழுமென்று கேட்பவரின் முதுகே எதிர்பார்க்கத் தொடங்குகிறது. அடிமையின் நாளை இதைவிடச் சுருக்கமாகத் தாளத்தால் சொல்ல முடியாது. ஹாக்கின்ஸின் சாக்ஸஃபோன் ஓரிடத்தில் கீச்சென்று பிசகுகிறது. திரும்பப் பதியலாம் என்று மற்றவர்கள் நினைத்தபோது, இதுபோன்ற ஒரு பாட்டில் எல்லாம் பிசகின்றி இருந்தால்தான் தவறு என்று சொல்லி அவர் மறுத்தார். அந்தக் கீச்சொலி இன்றும் அங்கே இருக்கிறது. 'டிரிப்டிக்' என்ற பகுதியில் டிரம்ஸும் குரலும் மட்டுமே, சொற்கள் கிடையாது. வேண்டுதலாகத் தொடங்கும் குரல் நடுவில் கதறலாக மாறி, பின்பு களைத்து அடங்குகிறது. முதல்முறை கேட்கிறவர்கள் ஒலியைக் குறைத்துவிடுவார்கள். அதைப் புரிந்துகொள்கிறேன், ஆனால் குறைக்காமல் ஒருமுறையாவது கேளுங்கள்.

1961 ஜனவரியில் இந்தப் படைப்பை நியூயார்க்கின் வில்லேஜ் கேட் அரங்கில், இனச் சமத்துவத்துக்காகப் போராடிய கோர் அமைப்பின் நிதிக்காக மேடையேற்றினார். தென்னாப்பிரிக்க அரசு இசைத்தட்டைத் தடை செய்தது. அந்த மே மாதம் நியூயார்க்கின் கார்னெகி ஹாலில் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், ஆப்பிரிக்காவில் மருத்துவப்பணி செய்யவிருந்த ஓர் அமைப்புக்கு நிதி திரட்டக் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, அந்த அமைப்பு உண்மையில் ஆப்பிரிக்கர்களின் விடுதலைக்கு உதவாது என்று நம்பிய ரோச், 'ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கர்களுக்கே' என்று எழுதிய அட்டையோடு மேடை விளிம்பில் ஏறி உட்கார்ந்தார். பழைய தோழரான டேவிஸ் வாசிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய், பின்னர் திரும்பிவந்தார். அந்தச் செயல் சரியா என்று இன்றும் விவாதிக்கலாம். இன்னொருவர் கச்சேரியைக் கெடுப்பது எனக்கு உவப்பானதன்று. ஆனால் கச்சேரியின் வருமானம் யாருக்குப் போகிறது என்பதையும் கச்சேரியின் பகுதியாகவே அவர் பார்த்தார் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இல்லை. இவற்றுக்கெல்லாம் விலை இருந்தது. அழைப்புகள் குறைந்தன. லிங்கனின் பெயரில் 1961க்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் புதிய இசைத்தட்டே பதிவாகவில்லை.

1960களின் நடுவில் வந்த 'டிரம்ஸ் அன்லிமிடெட்' இசைத்தட்டில் துணை வாத்தியம் எதுவுமின்றி டிரம்ஸ் மட்டும் வாசிக்கும் துண்டுகளை முழுமையான படைப்புகளாகவே சேர்த்தார். அவற்றில் 'தி டிரம் ஆல்ஸோ வால்ட்ஸஸ்' எனக்கு மிகப் பிடித்தது: கால்கள் இரண்டும் பாஸ் டிரம்மிலும், மிதித்து ஒலிக்கும் இணை சிம்பல்களான ஹை-ஹாட்டிலும் மாறாத மூன்று அட்சர ஊஞ்சலை ஆட்டிக்கொண்டே இருக்க, கைகள் அதன்மேல் ஒரு மெட்டைப் பேசுகின்றன. 1970இல் 'எம்பூம்' என்ற குழுவைக் கூட்டினார். அதில் எல்லாரும் தாளக்காரர்கள்; சைலஃபோன், மரிம்பா, டிம்பனி, மணிகள், கரீபிய எஃகுப் பறைகள் என்று உலகத்துத் தட்டு வாத்தியங்களையெல்லாம் ஒவ்வொருவரும் மாறிமாறி வாசித்தார்கள். 1972இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் பேராசிரியரானார். இந்த வேலையை நான் முக்கியமாகக் குறிப்பிடுவதற்குக் காரணம், மாதச் சம்பளம் வந்ததால் இரவு விடுதி முதலாளிகளின் தயவு அவருக்குத் தேவைப்படாமல் போனது. அதே ஆண்டில்தான் 'தி பிளாக் ஸ்காலர்' இதழில், ஜாஸ் என்ற சொல்லே தனக்குக் குறைந்த கூலியையும் மோசமான வேலையிடங்களையும் நினைவூட்டுகிறது என்ற பொருளில் கட்டுரை எழுதினார்.

பிறகு வந்த இருபது ஆண்டுகளில் அவர் மேடையேற்றியவற்றைப் பார்த்தால் ஒரு தனி மனிதர் செய்தவை என்று நம்புவது கடினம். 1979இல் கொலம்பியா பல்கலைக்கழக அரங்கில் பியானோ கலைஞர் செசில் டெய்லரோடு இருவர் கச்சேரி. 1983இல் நியூயார்க்கின் 'தி கிச்சன்' அரங்கில் ராப் பாடகர் ஃபேப் ஃபைவ் ஃப்ரெடியோடும் தெருநடனக் கலைஞர்களோடும் ஒரு நிகழ்ச்சி. பெரிய ஜாஸ் கலைஞர்கள் பலர் ராப்பை இசை என்றே ஒப்புக்கொள்ளாத காலம் அது. தன் நால்வர் குழுவோடு, மகள் மேக்சின் வயோலா வாசித்த தந்திவாத்திய நால்வர் குழுவையும் சேர்த்து 'டபுள் குவார்ட்டெட்' அமைத்தார். 1988இல், சிறந்த படைப்பாளிகளுக்குத் தரப்படும் மெக்ஆர்தர் நல்கை வந்தது. 1989இல் பாரிஸ் நகரில், நாற்பத்தைந்து ஆண்டுக்கு முன் ஒன்றாகத் தொடங்கிய கில்லெஸ்பியோடு இருவர் மட்டும் மேடையேறினார்கள்: ஒரு ட்ரம்பெட், ஒரு டிரம் செட். 2007 ஆகஸ்ட் 16 அன்று எண்பத்துமூன்று வயதில் இறந்தார். அவர் பாதுகாத்து வைத்திருந்த கடிதங்கள், இசைக்குறிப்புகள், ஒலிப்பதிவுகள், முடிக்காமல் விட்ட தன்வரலாற்றுப் படிகள் என ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன.

டிரம்மர் தலைவராவதில் இசைரீதியான இடைஞ்சல் உண்டா என்றும் உங்கள் கேள்வியில் ஒரு வரி இருந்தது. என் கருத்தில் இடைஞ்சலைவிட வசதியே அதிகம். டிரம்ஸ் வாசிப்பவருக்கு மேடையில் இருக்கும் எல்லாருடைய முதுகும் தெரியும். யார் களைத்திருக்கிறார், யாருக்கு இன்னும் சொல்ல மிச்சமிருக்கிறது என்பது மூச்சு வாங்கும் தோளிலேயே தெரிந்துவிடும். ஒலியைக் கூட்டவோ அடக்கவோ, ஒரு தனியை நீட்டவோ முடிக்கவோ அவர் வாய்திறந்து சொல்லவேண்டியதில்லை. ட்ரம்பெட் வாசிக்கும் தலைவர் தன் தனி முடிந்ததும் ஓரமாக நின்றுவிடலாம்; டிரம்மர் முதல் அட்சரத்திலிருந்து கடைசி அட்சரம்வரை இறங்காமல் வாசித்தாகவேண்டும். கச்சேரிக்குப் பிறகு மற்றவர்கள் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிட, டிரம் செட்டைக் கழற்றிக் கட்டும் அரைமணி நேரமும் அவருக்கு அரங்கத்தில்தான் கழிகிறது.

கேட்கத் தொடங்குவதற்குப் பிரவுனோடு செய்த பதிவுகள் எளிய வாசல். அங்கிருந்து 'ஃப்ரீடம் நவ் சூட்', பிறகு எம்பூம் என்று போகலாம். காட்சிப்பதிவாகக் கிடைத்தால் 'மிஸ்டர் ஹை-ஹாட்' என்ற துண்டை விட்டுவிடாதீர்கள். நியூபோர்ட்டின் அந்தச் சிறிய மேடையில் தன்னோடு நின்ற மூத்தவர் ஜோ ஜோன்ஸுக்கு ரோச் செய்த வணக்கம் அது. மேடையில் டிரம் செட் இல்லை. ஒரு கம்பியில் கவிழ்ந்தும் மல்லாந்தும் இருக்கும் இரண்டு சிறிய சிம்பல்கள், காலில் ஒரு மிதி, கையில் இரண்டு குச்சிகள் மட்டும். சிம்பலின் விளிம்பு, மேற்பரப்பு, நடுக்குமிழ், தாங்கும் கம்பி, குச்சியின் அடிப்பக்கம் என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டு ஒவ்வொரு ஓசையை எடுக்கிறார். நல்ல உடையணிந்த முதியவர், முகத்தில் சிரமத்தின் சாயலே இல்லை, அரங்கம் மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிறது.